என் மகள் 'அப்பா' என்று சொல்ல ஐந்தரை வருஷம் ஆனது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கமாக வந்திருந்தன. ஒன்றில் உதடு பிளந்த மூன்று மாதக் குழந்தை. அடுத்ததில் அதே குழந்தை, தையல் போட்ட உதட்டோடு. 'முக்கால் மணி நேரத்தில் மலர்ந்த புன்னகை' என்று தலைப்பு. குழந்தையின் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தில் கீழே ஓர் ஓரமாக நாலு வரிச் செய்தி: கோவையில் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவர் ஓய்வு பெற்றார், பல ஆயிரம் ஆபரேஷன் செய்தவர் என்று.

அந்த நாலு வரிக்குரிய டாக்டரம்மாவிடம் என் மகளோடு 18 வருஷம் போய் வந்தவன் நான். மேலே இருக்கும் படத்தைப் பார்த்தபோது ஏதோ சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. தாராபுரத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். பில் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீளம் அதிகமானால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஓர் அளவு எழுதியிருக்கிறேன், அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் மகள் 2003 அக்டோபரில் பிறந்தாள். இடது பக்க உதடு மூக்குவரை பிளந்து, உள்ளே வாயின் மேல்கூரையான அண்ணமும் பிளந்திருந்தது. பிறந்த இடம் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். குழந்தையை முகத்தின் மேல் துண்டைப் போட்டு மூடித்தான் வெளியே கொண்டு வந்தார்கள். "இதுக்கு இப்போ ஒண்ணும் பண்ண முடியாது, அஞ்சு வயசுக்கு மேல பாத்துக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். அது முழுத் தப்பு என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் குழந்தைக்கு எடை ஏறவே இல்லை. குடித்த பாலில் பாதி மூக்கு வழியாக வந்துவிடும்.

வீட்டில் என் அம்மா வேறொரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தார். கிரகணத்தன்று மருமகள் கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டாள், அதனால்தான் பிள்ளை மூளியாகப் பிறந்தது என்று. டெய்லர் வீட்டில் கத்தரி பிடிக்காத நாள் எது? என் மனைவிதான் கடைக்குக் கொக்கி கட்டுவாள், எம்மிங் பண்ணுவாள். அந்தப் பத்து மாதத்தில் கிரகணம் வந்ததா என்று ஒருவரும் காலண்டரைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஊர் சுகாதார நர்ஸ் சொல்லித்தான் கோவை போனோம். குண்டடம், பல்லடம், சூலூர் என்று பஸ்ஸில் போய்ச் சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். துறை வாசலில் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை' என்று போர்டு. பக்கத்தில் இருந்தவர் பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும், "புள்ள வாயில பிளாஸ்டிக்க வெச்சுத் தெச்சுடுவாங்களா?" என்று என் அம்மா கேட்டார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, கேட்க வெட்கம். பிசைந்து உருக்கொடுப்பது என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லாம் அது. பிளாஸ்டிக் குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டரம்மா குழந்தையைக் கையில் வாங்கவில்லை. என் மனைவி மடியில் இருக்கும்படியே குனிந்து, "என்ன அம்மிணி, பசிக்குதா?" என்று முதலில் குழந்தையிடம்தான் பேசினார். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். எடை மூன்று கிலோகூட இல்லை, முதலில் பால் குடிக்கட்டும் என்றார். அவர்களுக்கு ஒரு பத்துக் கணக்கு உண்டு: 10 வாரம், 10 பவுண்டு எடை, ரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. அது வரும்வரை மயக்கமருந்து கொடுக்க மாட்டார்கள்.

அண்ணம் பிளந்த குழந்தைக்கு உறிஞ்ச வராது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் இழுப்பது போல, எவ்வளவு இழுத்தாலும் காற்றுத்தான் வரும். இதை எனக்கு விளக்கிவிட்டு, டாக்டரம்மா என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, சங்குல பால் புகட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் தெரியாது? ஆறு புள்ளைக்குப் புகட்டியிருக்கறேன்."

"அப்போ இவளுக்கும் நீங்கதான் புகட்டணும். ஆனா படுக்கப்போட்டு ஊத்தக் கூடாது. உக்காத்தி வெச்சு, நாக்கு ஓரமா, கொஞ்சம் கொஞ்சமா. நடுநடுவுல தோள்ல போட்டுத் தட்டணும்."

ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அம்மாவை ஊட்டவைத்துப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. கிளம்பும்போது என் அம்மா கிரகண வழக்கை எடுத்தார். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "உதடு ஆறு ஏழு வாரத்துலயே கூடி முடிஞ்சிடும் பெரியம்மா. அப்போ உங்க மருமக முழுகாம இருக்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த நேரத்துல அவ என்ன பண்ணுனாள்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்றார். அம்மாவுக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கிரகணப் பேச்சு இல்லை. பால் சங்கு என் அம்மா கைக்குப் போனதால், பிள்ளை தேறினால் பேர் தனக்குத்தானே என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும்.

இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை எடை பத்தவில்லை, ஒருமுறை சளி. பிப்ரவரியில்தான் உதட்டு ஆபரேஷன். முதல்நாள் சாயங்காலம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "டெய்லர்னு சொன்னீங்களே, இதைப் பாருங்க" என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். உதட்டில் ஒரு துண்டு குறைகிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். துணி குறையவில்லை, எல்லாம் இருக்கிறது, இடம் மாறி மேலே ஏறிக் கிடக்கிறது. ஒரு பக்கத்தைச் சுழற்றிக் கீழே இறக்க வேண்டும், அப்போது மேலே ஓர் இடைவெளி விழும், எதிர்ப்பக்கத்தை நகர்த்தி அந்த இடைவெளியில் கொண்டுவந்து பொருத்த வேண்டும். ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க டாக்டர் கொரியாவில் ராணுவ வேலையில் இருந்த காலத்தில் உருவாக்கிய முறையாம். 1955இல் ஸ்டாக்ஹோமில் உலக டாக்டர்கள் கூட்டத்தில் காட்டியிருக்கிறார். வெட்ட வெட்டப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் பெருமையாம். எனக்கு அது ஒப்பவில்லை, சாக்பீஸ் கோடு போடாமல் கத்தரி வைக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லிக்கொடுத்த குருநாதரிடம் தொழில் கற்றவன் நான். டாக்டரம்மாவும் கோடு போடுகிற ஆள்தான். சின்னக் காம்பஸால் அளந்து, ஊசிமுனையில் நீல மையைத் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டுதான் கத்தியை எடுப்பாராம்.

உதட்டின் சிவப்பும் தோலும் சேருகிற கோடு இருக்கிறதே, அது ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் பட்டுவிடும் என்றார். கட்டம்போட்ட சட்டைக்குப் பாக்கெட் வைக்கும்போது கட்டத்தோடு கட்டம் சேராவிட்டால் வாடிக்கையாளர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்கு உடனே புரிந்தது.

ஆபரேஷன் முடிந்த குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது என்று, இரண்டு முழங்கையிலும் அட்டையை வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். வியர்வையில் அட்டை ஊறி, ஓரம் மடிந்து, மறுநாளே அக்குள் பக்கம் சிவந்துவிட்டது. வார்டில் இருந்த நாலு குழந்தைகளுக்கும் இதே கதை. தொண்டை பார்க்க நாக்கை அமுக்குவார்களே, அந்த மரக்குச்சி நர்ஸ் மேஜையில் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு கட்டு கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனபோது மல் துணியில் பை பையாகத் தைத்து, ஒவ்வொரு பையிலும் ஒரு குச்சி செருகிய, முழங்கையில் சுற்றும் கையுறை ஒரு ஜோடி கொண்டுபோனேன். சுற்றி நாடாவைக் கட்டினால் போதும்.

டாக்டரம்மா அதை வாங்கி முதலில் செய்த காரியம், உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது. "தையல் மடிப்பு உள்ளே இருக்கே, குழந்தைக்கு உறுத்துமே" என்றார். இருபது வருஷம் மிஷின் மிதித்த எனக்கு அது தோன்றவில்லை. பெரியவர்கள் போடுகிற துணிக்கு மடிப்பு உள்ளே இருந்தால்தான் அழகு. மறுபடி தைத்துக் கொண்டுபோனேன், மடிப்பை வெளியே வைத்து. இருபது ஜோடி வேண்டும் என்றார். காசு வேண்டாம் என்றேன். "வாங்கலைன்னா அடுத்த தடவை கேக்க எனக்கு வாய் வராது" என்று கையில் திணித்தார். அப்புறம் அந்த வார்டுக்கு எத்தனை ஜோடி தைத்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. பண்டிகை அவசரத்தில் ஒருமுறை ஒரு வாரம் தாமதமானபோது, அவரே போன் பண்ணி, "டெய்லரே, தீபாவளிக்கு ஜாக்கெட் கேக்கறவங்களுக்குக் கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கு, என் புள்ளைங்களுக்கு இல்லை" என்றார்.

உங்கள் பக்கத்தில் வந்த இரண்டாவது படம் இந்த இடம் வரைக்கும்தான், ஆசிரியர் ஐயா. உதடு கூடியது. படம் எடுத்தால் அழகாக இருக்கும். உள்ளே அண்ணம் அப்படியேதான் பிளந்து கிடந்தது.

14 மாதத்தில் அண்ணத்தைத் தைத்தார். இரண்டு வாரம் கழித்துப் பால் குடிக்கும்போது ஒரு சொட்டு மூக்கில் வந்தது. பயந்துபோய்க் கோவைக்கு ஓடினோம். பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார். "நடுவுல ஒரு இடத்துல தையல் விட்டுப்போச்சு. சின்ன ஓட்டை. நீங்க பார்த்துக்கிட்டதுல தப்பு இல்லை. என் கையில நடந்தது. இப்போ உடனே தொட முடியாது, சதை இறுகணும். நான் திரும்பச் செய்யறேன்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேலான தொழிலில் எனக்குத் தையல் விட்டிருக்கிறது, அளவு பிசகியிருக்கிறது. ஒரு தடவைகூட 'என் கையில் நடந்தது' என்று வாடிக்கையாளரிடம் சொன்னதில்லை. துணி மட்டம், தண்ணியில் போட்டதும் சுருங்கிவிட்டது, நீங்கள் சதை போட்டுவிட்டீர்கள் என்று ஏதோ ஒன்று சொல்லித்தான் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னதால்தான் அப்புறம் அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன்.

இனி பேச்சு. இதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாம் பேசும்போது அண்ணத்தின் பின்பக்கச் சதை மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. அப்படி அடைத்தால்தான் ப, ட, க, ச எல்லாம் வரும். அடைக்காவிட்டால் காற்று மூக்கில் போய்விடும், 'பா' என்று சொல்ல நினைத்தால் 'மா' என்றுதான் வரும். மூக்கால் சொல்கிற ம, ந, ன மட்டும் பிசகாது. உதட்டை மட்டும் தைத்த குழந்தை படத்தில் அழகாகச் சிரிக்கும், வாயைத் திறந்து பேசினால் யாருக்கும் புரியாது.

எங்கள் வீட்டில் இது உறவுமுறைச் சண்டையாக மாறியது. அம்மா என்று சொல்வாள். மாமா என்பாள். அம்மாயி என்று என் மாமியாரைத் தெளிவாகக் கூப்பிடுவாள். அப்பத்தா வராது, அப்புச்சி வராது, தாத்தா வராது. சங்கில் பால் புகட்டி வளர்த்தவர் என் அம்மா. "அத்தன பேரையும் கூப்புடறா, என்னை மட்டும் கூப்புட மாட்டீங்கறா பாரு" என்று ஒருநாள் அழுதேவிட்டார். எனக்கு அதைவிட மோசம். என்னைப் பார்த்தும் 'அம்மா' என்றுதான் ஓடி வருவாள். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மாதம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் பெண் என் மகளின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியை வைத்து 'பா பா' சொல்லச் சொல்வார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் போகிறது என்று அர்த்தம். எங்களுக்கு எப்போதும் படிந்தது. வீட்டில் தினம் பழக்க வேண்டும் என்றார். கட்டிங் டேபிள் மேல் ஒரு நூல் பிசிறை வைத்து, 'ப' என்று சொல்லி அதை ஓட வைக்க வேண்டும், அதுதான் எங்கள் விளையாட்டு. என் பிசிறு டேபிள் தாண்டிப் போய் விழும். அவள் பிசிறு அசையாது. அவள் விடாமல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்பாள். நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லி மிஷினுக்குப் போய்விடுவேன்.

ஐந்து வயதானதும் டாக்டரம்மா இரண்டாவது முறை அண்ணத்தைத் திறந்தார். ஓட்டையை மூட வேண்டும், கூடவே அண்ணத்தின் நீளம் பத்தவில்லை, நீட்ட வேண்டும் என்றார். இருக்கிற சதையை எப்படி நீட்டுவது? மறுபடி தாள், பேனா. இங்கிலீஷ் எழுத்து இசட் மாதிரி வெட்டி, அதில் உண்டாகும் இரண்டு முக்கோணங்களையும் இடம் மாற்றித் தைத்தால் அகலத்தில் இருப்பதை எடுத்து நீளத்தில் கொடுத்த மாதிரி ஆகும் என்றார். நான் நம்பவில்லை. ராத்திரி கடைக்கு வந்து சட்டைத்துணியில் வெட்டிப் பார்த்தேன், சுருங்கிக் கொசுவம் விழுந்தது. பனியன் துணி வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து, முக்கோணத்தை மாற்றி வைத்துத் தைத்தேன். நீளமாகிவிட்டது! இழுவை உள்ள துணிக்குத்தான் அது வரும். தோலும் சதையும் பனியன் துணி ஜாதி. அந்தத் துண்டை அடுத்த முறை கொண்டுபோய்க் காட்டினேன். அதை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். புதிதாக வரும் பயிற்சி டாக்டர்களுக்கு அதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார் என்று நர்ஸ் சொன்னார்.

ஆபரேஷனுக்கு அப்புறம் உடனே எதுவும் மாறவில்லை. வழி திறந்தது, நடந்து பழக வேண்டாமா? அஞ்சு வருஷம் தொண்டையில் பேசிப் பழகியவள். மறுபடி கண்ணாடி, மறுபடி நூல் பிசிறு. நாலைந்து மாதம் ஆகியிருக்கும், 2009 சித்திரையில் ஒருநாள். கல்யாண முகூர்த்தம், ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது. மிஷினில் இருக்கிறேன். பின்னால் வந்து நின்று, "அப்பா, காப்பி ஆறுது" என்றாள். "வெச்சுட்டுப் போ கண்ணு" என்றேன். ஒரு சாண் தையல் ஓடியிருக்கும். அப்புறம்தான் கால் நின்றது.

திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. டம்ளரை டேபிளில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அந்த ஜாக்கெட்டில் அன்றைக்குத் தையல் கோணியிருந்தது, பிரித்துத்தான் தைத்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா டேப் ரெக்கார்டரை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி வாக்கியங்களைச் சொல்லவைத்துப் பதிந்து வைப்பார். 'பாட்டி பட்டுப் பாவாடை தைத்தாள்' என்பது அதில் ஒன்று. அன்றைக்கு இரண்டு வருஷப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டார். "உதட்டைக் கண்ணால பார்க்கலாம், அண்ணத்தைக் காதாலதான் பார்க்கணும்" என்றார். நல்ல டாக்டர் என்றால் கை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். காதும் வேண்டும் போலிருக்கிறது.

அப்புறம் பத்து வயதில் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து ஈறு இடைவெளியில் வைத்தார்கள், கோரைப்பல் இறங்க இடம் வேண்டுமாம். ஒரு வாரம் நொண்டினாள். பிறகு மூன்று வருஷம் பல்லுக்குக் கம்பி. அதையெல்லாம் எழுதினால் உங்கள் பக்கம் பத்தாது.

காத்திருக்கும் பெஞ்சில் நான் பார்த்த குழந்தைகள் உதட்டுக் குழந்தைகள் மட்டும் இல்லை. கொதிக்கிற குழம்பு மேலே கொட்டி, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போன ஒரு பையன். விரல்கள் கூடிப் பிறந்தவர்கள். ஒரு பக்கம் காதே இல்லாத ஒரு பெண்பிள்ளை. விலா எலும்பின் குருத்தெலும்பைச் செதுக்கித் தோலுக்கு அடியில் வைத்துக் காது செய்வார்களாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் அந்த வார்டில் நிற்க இடம் இருக்காது. எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ். மூன்று வருஷம், அப்புறம் எம்.சிஎச். மூன்று வருஷம். இவ்வளவு படித்துவிட்டு அழகு கூட்டும் ஆபரேஷன் பக்கம் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பார். நான் ஒருமுறை அதைக் கேட்டும்விட்டேன். "வளர்ந்தவங்களுக்குத் தைச்சா தைச்சது அப்படியே நிக்கும். குழந்தைங்க வளருதுங்க, என் தையலும் கூடவே வளரணும். அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். வளருகிற பிள்ளைக்குப் பாவாடையில் மடிப்பு விட்டுத் தைக்கிற எங்களுக்கு இது புரியாதா.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் பாலக்காடு தாண்டித் திருச்சூருக்கும் போவார்கள். அங்கே ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் அதென்வாலா என்று ஒருவர் இருந்தார். பம்பாய்ப் பார்சி. 1950களின் கடைசியில் வந்தவர், பல வருஷம் அங்கேயே வேலை பார்த்தார், 2020இல் காலமானார். ஆயிரக்கணக்கான பிளவுபட்ட உதடுகளைக் கூட்டியவர். அந்த மையத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லை, தனக்குத் தொழில் கற்றுத்தந்த சார்லஸ் பின்டோவின் பெயரை வைத்தார். இதைச் சொன்னதும் எங்கள் டாக்டரம்மா தானாகவே கைகூப்பினார். குருவைக் கும்பிடுவது எங்கள் தொழிலில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

2021 கடைசியில் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. மூக்கு ஒரு பக்கம் சற்று அமுங்கியிருக்கும், உதட்டில் மெல்லிய கோடு தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று நான் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் போய், நான்தான் பேச ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க. என்ன வேணும்னு அவளே சொல்லட்டும்."

இருபது நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தவன் வெளியே, முடிவு எடுப்பவர்கள் உள்ளேயா? கதவு திறந்ததும் மகள் சொன்னாள், "மூச்சு விட ஒரு பக்கம் சிரமமா இருக்குப்பா, அதை மட்டும் சரி பண்ணிக்கறேன். உதட்டுக்கோடு இருக்கட்டும்." நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "அவ மூஞ்சி டெய்லரே" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வீடுவரை நான் பேசவில்லை. பல்லடம் தாண்டியதும் மகள் கடலை வாங்கி என் கையில் கொடுத்தாள். இன்றைக்கும் எனக்கு அந்த விஷயத்தில் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.

அதே வயதில் அவளுடைய பழைய படங்கள் இருந்த உறையை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்தார். பிறந்த மாதம் எடுத்ததிலிருந்து எல்லாம். "பாடத்துல உன் படத்தைக் காட்டலாமா? வேண்டாம்னா இன்னியோட நிறுத்திடறேன்" என்று கேட்டார். முகத்தை மறைத்துக் காட்டலாம் என்று இவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது, பெயரும் ஊரும் போட்ட அந்த முதல் படம் யாராவது ஒரு பையனின் செல்போனில் இருக்கும். அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? இனி தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அந்தச் செய்தியில் உதட்டோடு கதை முடிந்துவிட்டது. அண்ணம் தைத்தார்களா, பேச்சுப் பயிற்சிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பையன் இருக்கிறான், முகாமில் உதடு தைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒன்பது வயதுவரை அவன் அண்ணத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வகுப்பில் வாயே திறக்க மாட்டான், மந்தம் என்று எழுதிவிட்டார்கள். உலகத்தில் எழுநூறு குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படிப் பிறக்கிறது என்கிறார்கள். உங்கள் வாசகர் வீடுகளிலும் இருக்கும். எங்கள் காலத்தில் இல்லாத வசதி இப்போது இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012இலிருந்து இருக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயதுவரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013இல் வந்தது, அதன் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் வழி சொல்வார்கள். அடுத்த முறை புன்னகைப் படத்துக்குப் பதிலாக இதைப் பெட்டி கட்டிப் போடுங்கள்.

இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று மனைவி கேட்டாள். மகள் படித்துச் சொன்ன ஒரு சங்கதி இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரர் பிடிபட்டு மூக்கு அறுபட்டார். புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் மூக்குக்கு அச்சு எடுத்து, அதை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்தத் தோலைத் திருப்பிவிட்டு மூக்கு செய்து கொடுத்தார். அச்சு வெட்டி வைத்துக் கோடு போட்டது எங்கள் வேலைதான்! அந்தச் சங்கதி 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில், ஆசிரியருக்கு வந்த கடிதமாகத்தான் அச்சானது. அதைப் படித்து, வருஷக்கணக்கில் யோசித்து, கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் 1814இல் அதே மாதிரி செய்து பார்த்தார். ஆக, ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இந்தத் தொழிலில் புதிதில்லை.

சரி, அளவு. வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் தம்பி போன வாரம் போன் பண்ணி, கையுறை தொடர்ந்து வேண்டும் என்றார். சில டாக்டர்கள் இப்போது இது தேவையே இல்லை என்கிறார்களாம், அது அவர்கள் முடிவு. உங்கள் டாக்டர் கேட்டால் மட்டும் தையுங்கள். எந்த ஊர் டெய்லரும் கால் மணி நேரத்தில் தைத்துவிடலாம்.

ஆறு மாதக் குழந்தைக்கு: துவைத்த மல் துணி, இரண்டு மடிப்பு. நீளம் 7 அங்குலம், அகலம் 9 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ஒரு பை வீதம் ஆறு பை, மீதி மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று சுற்ற. பைக்குள் 6 அங்குல மரக்குச்சி, முனை உருண்டையாக இருக்க வேண்டும். பையின் வாயை மடித்து மூடிவிடுங்கள், குச்சி நழுவி வெளியே வரக் கூடாது. நாடா இரண்டு இடத்தில், முடிச்சு குழந்தை வாய்க்கு எட்டாத பக்கம். முழங்கை நடுவில் வரும்படி போட வேண்டும், மேலே அக்குளைத் தொடக் கூடாது. கட்டியதும் உங்கள் சுண்டுவிரல் உள்ளே போகிறதா பாருங்கள், குழந்தையின் விரல் நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். அவ்வப்போது ஒரு கையை மட்டும் அவிழ்த்து, மடக்கி நீட்டிவிட்டு, அது முடிந்தபின் அடுத்த கை. மடிப்பு வெளிப்பக்கம்.

இப்படிக்கு,
ஒரு டெய்லர்,
தாராபுரம்.

பி.கு.: பெயர் போட வேண்டாம். மகளிடம் கேட்டேன், ஊர் மட்டும் போட்டால் போதும் என்றாள்.